பத்து லட்சத்து ஒன்று

பத்து லட்சத்து ஒன்று பகா எண் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பதினைந்து வயதில் மைக் முன்னால் நின்று இதைச் சொன்னேன், நான் சொன்னது சரி என்று, தப்பென்று தீர்ப்புச் சொன்னவர் ஒப்புக்கொள்ளப் பதினோரு வருஷம் ஆனது. ஒன்று, ஐந்து பூஜ்ஜியம், மறுபடி ஒன்று. 1000001. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதேதான். பார்வைக்கு யாருக்கும் மசியாத எண் மாதிரி இருக்கும். ஆனால் நூற்றொன்றால் வகுத்தால் மீதியில்லாமல் போகும், ஈவு 9901. நம்பாதவர்கள் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 9901ஐ நூறால் பெருக்கி, கூடவே இன்னொரு 9901ஐக் கூட்டுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த அரை நிமிஷத்தைத்தான் எனக்குத் தர மாட்டேன் என்றார்கள்.

எங்கள் காலனி மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவின் சின்ன வயதில் வீட்டில் எல்லோருமே அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். என் காலத்தில் அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போனார். அம்மா சாலையோரம் கூடை வைத்து உட்கார்ந்தாள். கோடையில் நுங்கு, மற்ற நாளில் வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு. ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்னையிலிருந்து கார்கள் வந்துகொண்டே இருக்கும். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நுங்கு தோண்டிக்கொடுப்பேன்.

எங்கள் பக்கம் வண்டி நம்பரை யாரும் ஆயிரம், நூறு என்று நீட்டிப் படிப்பதில்லை. 2164 என்றால் "இருவத்தொண்ணு அறுவத்திநாலு", அவ்வளவுதான். எல்லாவற்றையும் இரண்டிரண்டாக உடைத்துத்தான் சொல்வோம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து வந்தது. 4747, 2323 என்று ஒரே ஜோடி இரண்டு முறை வரும் வண்டி தூரத்தில் தெரிந்தால் போதும், "ஜோடி வண்டி வந்துகினு கீதுடி, தூக்கிக் காட்டு, தூக்கிக் காட்டு" என்று என் முதுகில் தட்டுவாள். ஜோடி வண்டி நின்றால் அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவள் நம்பிக்கை. நின்றால்தானே! பாதி வண்டிகள் எங்கள் மேல் புழுதியைத் தூற்றிவிட்டுப் போய்விடும்.

அந்த ஜோடி வண்டிகள் எல்லாமே நூற்றொன்றின் மடங்கு என்று ஏழாம் வகுப்பில் எனக்குப் பிடிபட்டது. நாற்பத்தேழை நூற்றொன்றால் பெருக்கினால் 4747. இருபத்துமூன்றைப் பெருக்கினால் 2323. அப்புறம் ஜோடி சேராத வண்டிகளையும் விடவில்லை. பின் ஜோடியிலிருந்து முன் ஜோடியைக் கழித்தால் என்ன வருகிறதோ, அதுதான் நூற்றொன்றால் வகுத்தால் வரும் மீதி. கழிக்க முடியாவிட்டால் நூற்றொன்றைக் கூட்டிக்கொண்டு கழிக்க வேண்டும். 2164இல் அறுபத்துநாலிலிருந்து இருபத்தொன்று போனால் நாற்பத்துமூன்று. வகுத்துப் பாருங்கள், மீதி நாற்பத்துமூன்றுதான் வரும்.

பெரிய எண் வேண்டுமென்று பஸ் டிக்கெட்டுகளைப் பிடித்தேன். திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸில் ஒரு தடவை 385517 என்று ஒரு டிக்கெட் வந்தது. கடைசி ஜோடியை வைத்துக்கொள், அதற்கு முந்தினதைக் கழி, அதற்கும் முந்தினதைக் கூட்டு. பதினேழிலிருந்து ஐம்பத்தைந்து போய், முப்பத்தெட்டு கூடினால் பூஜ்ஜியம். மீதி பூஜ்ஜியம் என்றால் வகுபடும் என்று அர்த்தம். எண் எத்தனை நீளமானாலும் இதே வேலைதான், கழி, கூட்டு, கழி, கூட்டு. நூறு என்பது நூற்றொன்றுக்கு ஒன்று குறைவு என்பதால் அப்படி நடக்கிறது என்று காரணமும் நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் கணக்குப் போட்டி நடந்த மண்டபத்தில் "யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மே மாதம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஒரு சங்கம் பத்தாவது முடித்தவர்களுக்குக் கணக்குப் போட்டி நடத்தியது. முதலில் வருகிறவருக்கு ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு குரூப்பில் இடம், ஹாஸ்டலோடு, இரண்டு வருஷத்துக்கும் கட்டணமில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில் கணக்கு குரூப்பே கிடையாது. எடுக்க வாத்தியார் இல்லையாம். என் தலைமை ஆசிரியை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, லீவுக்குச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

அப்பா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். "சீட்டு கெடச்சா படி. கெடைக்கலன்னா ஜூன் மாசம் கம்பெனி வேன்ல ஏறிடு. நான் வேற இன்னா பண்றது, நீயே சொல்லு." கம்பெனி என்றால் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி. காலையில் வேன் வந்து காலனியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு முன்னால் பத்தாவது முடித்த அத்தனை பேரும் அந்த வேனில்தான் போனார்கள். அப்பா மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர், சீட்டு கிடைத்திருந்தால் படிக்க விட்டிருப்பார்.

போட்டிக்கு அம்மாதான் கூட வந்தாள். ஒரு நாள் வியாபாரத்தை விடுவானேன் என்று நுங்குக் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையில் நான் எழுதிய நேரத்தில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டாள். போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் காலிக் கூடையும் கத்தியுமாக உள்ளே வந்து, கடைசி வரிசையில் நாற்காலிக்கு அடியில் கூடையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எழுத்துத் தேர்வில் முதல் மூன்று பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதில் நான் ஒருத்தி. வாய்க் கேள்விகள். மூன்றாவது ஆள் சீக்கிரமே வெளியே போய்விட்டான். மிஞ்சியது நானும், ஆராய்ச்சி நிலையக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையனும். இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு பேனா. இரண்டு பேரும் சரிசமமாக வந்துகொண்டிருந்தோம். கடைசிக் கேள்வி என்று நடுவர் சொன்னார்.

நடுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உத்தியோகம், நல்ல குரல். சட்டைப் பையில் வெயிலிலேயே ஓடுகிற மெல்லிய கால்குலேட்டர் வைத்திருந்தார். அது பையிலிருந்து பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பத்து லட்சத்து ஒன்று. பகா எண்ணா, பகு எண்ணா?" என்றார்.

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது. மற்றதெல்லாம் பகு எண். பையன் காகிதத்தில் மூன்றால், ஏழால், பதினொன்றால் என்று வகுக்க ஆரம்பித்தான். எனக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. பின்னாலிருந்து ஜோடி பிரித்தேன். பூஜ்ஜியம் ஒன்று, பூஜ்ஜியம் பூஜ்ஜியம், மறுபடி பூஜ்ஜியம் பூஜ்ஜியம், கடைசியில் தனியாக ஒரு ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றுமில்லாததைக் கழித்து, ஒன்றுமில்லாததைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் பூஜ்ஜியம். அட, இது நம்ம வண்டி! சிரிப்பே வந்துவிட்டது எனக்கு. மணியை அடித்தேன்.

"பகு எண் சார்."

நடுவர் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். "தப்பு." பையன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

இரண்டே விடைகள்தான் இருக்கின்றன, ஒன்று தப்பு என்றாகிவிட்டது. பையன் வேறென்ன சொல்வான்? "பகா எண் சார்" என்றான். கை தட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை விட்டு நகரவில்லை. "சார், நூத்தியொண்ணால போவும் சார்" என்றேன்.

"இல்லம்மா. நூறு வரைக்கும் இருக்கிற இருபத்தஞ்சு பகா எண்ணாலயும் நானே வகுத்துப் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் போகலை."

அதுதான் தவறு. எங்கள் காலத்தில் கணக்குப் படித்த ஒவ்வொருவரும் நூறுக்குள் இருக்கிற இருபத்தைந்து பகா எண்களை மனப்பாடம் செய்திருப்போம். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஆரம்பித்துத் தொண்ணூற்றேழில் முடியும். பாட்டு மாதிரி வரும். அந்தப் பாட்டு முடிந்ததும் உலகத்தில் பகா எண்களே தீர்ந்துபோனதாக நினைத்துக்கொண்டார் மனுஷர். பத்து லட்சத்தை ஒட்டின எண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் ஆயிரம் வரைக்கும் போக வேண்டும், ஏனென்றால் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால்தான் பத்து லட்சம். அவர் நூறோடு கடையைக் கட்டிவிட்டார். நூறைத் தாண்டினதும் வருகிற முதல் பகா எண் என்ன? நூற்றொன்று! ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் காலில் இடறியிருக்கும்.

"நூறுக்கு மேல பாக்கணும் சார். ரெண்டு ரெண்டு ஜோடியா பிரிச்சா..." என்று ஆரம்பித்தேன்.

"ஜோடியா?" என்று மைக்கில் சிரித்தார். "கல்யாண மண்டபத்துக்கு வந்ததும் பொண்ணுக்கு ஜோடி ஞாபகம் வந்துடுச்சு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பதினைந்து வயதுப் பெண்ணை மேடையில் நிறுத்தி வைத்து, கணக்குக்குப் பதில் சொல்ல வக்கில்லாமல் இப்படிப் பேசுகிறோமே என்று அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? அப்போது எனக்கு அழுகை முட்டியது. இப்போது நினைத்தால் அந்த மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்போதுதான் கடைசி வரிசையில் அம்மா எழுந்தாள்.

"இன்னா சார் சிரிப்பு? பொண்ணு சொல்லிகினு கீது இல்ல? போட்டுத்தான் பாரேன். பாக்கெட்ல மிசினு வச்சிகினு கீற, அத்த ஒரு தட்டு தட்டிப் பாத்தா இன்னா கொறஞ்சிடும் உனக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கால்குலேட்டர் என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாது. அது எதற்கு என்று நன்றாகத் தெரியும். சாலையில் கார்க்காரர்கள் அதில் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் பேரம் பேசியிருக்கிறார்கள்.

நடுவர் பையைத் தொட்டார். உண்மையில் தொட்டார், நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, "அம்மா, உட்காருங்க. போட்டி நடக்கும்போது கால்குலேட்டர் உபயோகிக்கக் கூடாதுங்கறது விதி" என்றார். என்ன அநியாயம் பாருங்கள்! எங்களுக்கு வைத்த விதியை அவருக்கு அவரே மாட்டிக்கொண்டு நின்றார். "ஆட்சேபணை இருந்தா பள்ளித் தலைமை ஆசிரியர் கையெழுத்தோட எழுத்து மூலமாக் கொடுங்க. கமிட்டி பரிசீலிக்கும்."

பையன் காகிதத்தைப் பார்த்துக் குனிந்திருந்தான். ஏதோ எழுதினான், உடனே காகிதத்தை மடித்துவிட்டான். நான் சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பொய், கொஞ்சம் இருந்தது. அவனுக்கு அந்தச் சீட்டு இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டாள். "நீ சொன்னது நெசமாவே சரியாடி?"

டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். 990100, அதற்குக் கீழே 9901, கோடு, 1000001. அம்மா ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். "ஆமா, அதே நம்பருதான்" என்றாள். அப்புறம், "தெரியாதவன வுட்டு கேள்வி கேக்கச் சொன்னா இப்படித்தான்" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்ட ஆரம்பித்தாள். இறங்கும் வரை நிறுத்தவில்லை.

எழுத்து மூலமாகக் கொடுக்கலாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டிய தலைமை ஆசிரியை ஊரில் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஜூன் மாதம் திறந்த அன்றைக்கே போய் நின்றேன். அவர் வகுத்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை. அதற்குள் அந்தப் பள்ளியில் சேர்க்கையும் முடிந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை நான் வேனில் ஏறினேன்.

கம்பெனியில் மூன்று வருஷம் காலர் தைத்தேன். காலர், காலர், காலர். முழுச்சட்டையை நான் தைத்ததே இல்லை. அந்த எண்ணை மட்டும் விடவில்லை. கோபத்தில்தான் விடவில்லை. டீ குடிக்க விடுகிற நேரத்தில் அட்டைத் துண்டுகளில் அதன் சொந்தக்காரர்களைத் தேடினேன். ஒன்றில் ஆரம்பித்து, நடுவில் பூஜ்ஜியங்களாக நின்று, ஒன்றில் முடிகிற எண்கள். 1001 என்பது ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் வருவது. 10001க்கு எழுபத்துமூன்றும் நூற்றுமுப்பத்தேழும். நடுவில் இருக்கிற பூஜ்ஜியங்கள் இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்றால் கட்டாயம் போகும். ஏழு பூஜ்ஜியம் வைத்த பத்துக் கோடியே ஒன்றுதான் என்னைப் படுத்தி எடுத்தது. கடைசியில் பார்த்தால் பதினேழால் போகிறது! பக்கத்து மிஷினில் இருந்த அக்கா "இன்னாடி தானா சிரிச்சிகினு கீற, பைத்தியம் கியித்தியம் புடிச்சிச்சா?" என்று கேட்டாள். எல்லாமே பார்க்கப் பகா எண் மாதிரி நிற்கும். தட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தட்டிப் பார்க்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அது ஒன்றும் பெரிய படிப்பு இல்லை.

நாலாவது வருஷம் கம்பெனியை விட்டுவிட்டு, செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் கற்றேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டும். பிறகு அங்கேயே ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மனை விற்கிறவர்களின் துண்டுப் பிரசுரம். திருப்போரூர் பக்கம் நிலமெல்லாம் பிளாட் ஆகிக்கொண்டிருந்த சமயம், அதனால் வேலைக்குக் குறைவில்லை. முதலாளி நல்லவர், கொஞ்சம் பயந்தவர்.

போட்டி நடந்து பதினோராவது வருஷம் அந்தச் சங்கத்தின் வேலை எங்கள் அச்சகத்துக்கே வந்தது. வெள்ளி விழாவாம். இத்தனை வருஷம் கேட்ட கேள்விகளில் நூறு பொறுக்கி, விடையோடு புத்தகம் போடுகிறார்கள். மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்குப் போகப்போகிறது. கையெழுத்துப் பிரதியை முதலாளி என் மேஜையில் வைத்தார். அடித்துக்கொண்டே வந்தேன். எழுபதைத் தாண்டியதும் அது வந்தது. "1000001 பகா எண்ணா, பகு எண்ணா? விடை: பகா எண்."

என் கை நின்றுவிட்டது. என்னை விட்டுத் தள்ளுங்கள். பதினோரு வருஷமாகச் சங்கத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட அதை வகுத்துப் பார்க்கவில்லையா? தலைமை ஆசிரியை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாரே, அது எங்கே போனது? இப்போது இதை அச்சடித்து அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப்போகிறார்களா? நான் "பகு எண். 101 × 9901" என்று அடித்து புரூஃப் கொடுத்தேன்.

திரும்பி வந்த புரூஃபில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "மூலத்தில் உள்ளபடியே போடவும்" என்று எழுதியிருந்தது. நான் மாற்றவில்லை. இரண்டாவது புரூஃபும் அப்படியே போனது. மறுநாள் மத்தியானம் அந்த நடுவரே நேரில் வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. குரல் மாறவில்லை. இப்போது அவர் சங்கத் தலைவர்.

"யார் இதை டைப் பண்றது? ரெண்டு தடவை திருத்திக் கொடுத்தும் அதே தப்பு."

முதலாளி பதறினார். "ஏம்மா, கஸ்டமர் எழுதிக் குடுத்தத அடி. உன்ன யாரு கணக்கு போடச் சொன்னா?"

நான் எழுந்து நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம் என்று நினைத்தேன். "சார், உங்க செல்லுல கால்குலேட்டர் இருக்கும். இங்க போட்டி எதுவும் நடக்கல. தட்டிப் பாருங்க. பத்து லட்சத்து ஒண்ணு, வகுத்தல் நூத்தியொண்ணு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு செல்போனை எடுத்தார். தட்டினார். பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மூன்றாவது தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டினார். 9901 அப்படியே நின்றது. எங்கே போய்விடும் அது?

"அட, ஆமாம்" என்றார். "ஏதோ கைப்பிழை ஆகியிருக்கு. நல்லவேளை பார்த்தே. அச்சாகிப் போயிருந்தா சங்கத்துக்கு அசிங்கமாப் போயிருக்கும்."

கைப்பிழையாம்! இருபத்தைந்து எண்ணால் உட்கார்ந்து வகுத்துவிட்டு, மேடையில் அதைப் பெருமையாகவும் சொல்லிவிட்டு, இன்றைக்குக் கைப்பிழை.

அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது போல. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கெட்டிக்காரியா இருக்கியே. என்ன படிச்சிருக்கே?"

"பத்தாவது சார்."

"பத்தாவதா?" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார். நடிப்பு இல்லை, உண்மையான வருத்தம்தான். "மேலே படிச்சிருக்கலாமேம்மா. உன்னை மாதிரிப் பொண்ணுங்கள்லாம் இப்படிப் பாதியில நிறுத்திடக் கூடாது. வீட்டுல எடுத்துச் சொல்ல ஆள் இல்லையா?"

வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லையா! கடைசி வரிசையில் கூடையோடு எழுந்து நின்று எடுத்துச் சொன்னாளே, அவள் யார்?

"இருந்தாங்க சார்" என்றேன். "எங்க அம்மா. கல்யாண மண்டபத்துல எழுந்து நின்னு, பாக்கெட்ல இருக்கற மிஷின ஒரு தட்டு தட்டிப் பாருன்னு உங்களத்தான் கேட்டாங்க. நீங்கதான் விதி இருக்குன்னு சொன்னீங்க. ஜோடின்னு சொன்னதுக்குச் சிரிச்சீங்க. நான் நிறுத்தல சார். நீங்க நிறுத்தினீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது... நீயா?" என்றார். ஞாபகம் இருந்திருக்கிறது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன்.

"புத்தகத்துல அந்தக் கேள்விக்குக் கீழ ஒரு வரி சேக்கணும் சார். இந்த விடையை முதல்ல சொன்ன மாணவிக்குத் தப்புன்னு தீர்ப்பு சொல்லப்பட்டதுன்னு. பேரு கூட வேணாம்."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அது மாதிரி எத்தனை காலர் தைத்திருப்பேன். "அதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா. எழுத்து மூலமாக் கொடு. கமிட்டியில வைக்கிறேன்."

அப்படியா, எழுத்து மூலமாகவா? உட்கார்ந்தேன். அவர் எதிரிலேயே அடித்தேன். ஐந்து வரி. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். "தலைமை ஆசிரியர் கையெழுத்து இல்ல சார். அவங்க ரிடையர் ஆயிட்டாங்க. இது போதுமா?"

வாங்கி மடித்து, முன்னே கால்குலேட்டர் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டு போனார். முதலாளி என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

புத்தகம் வந்தது. விடை சரியாக இருந்தது, பகு எண், 101 × 9901. கீழே வரி எதுவும் இல்லை. முன்னுரையில் கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்ததற்காகத் தலைவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதையும் நான்தான் அடித்தேன்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திறந்து எண்ணைக் காட்டினேன். அம்மா விரலை வைத்து ஒன்று, ஐந்து பூஜ்ஜியம், ஒன்று என்று பார்த்தாள். உடனே தெரிந்துகொண்டாள்.

"இது நம்ம நம்பரு இல்ல?"

"ஆமா. அந்த ஆளு வந்தாரும்மா. எதுர்லயே தட்டிப் பாத்தாரு. நான் சொன்னது சரின்னு ஒத்துகினாரு."

அம்மாவுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள்.

"தட்டிப் பாக்க எவ்ளோ நேரம் ஆச்சு அவனுக்கு?"

"அரை நிமிசம் கூட ஆவலம்மா."

"அரை நிமிசம்" என்றாள் அம்மா. புத்தகத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.